கேமராவில் விழாத இடம்

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில், தரையில் உட்காரச் சொன்னான் கணவன். அங்கே உட்கார்ந்தால் கேமராவில் விழமாட்டாளாம்.

உட்கார்ந்தாள்.

மடியில் கீபோர்டு. அவள் தட்டுவதெல்லாம் மேசைமேல் இருக்கும் லேப்டாப் திரையில், கேமராவுக்கு நேர் கீழே எழுத்தாக வரும். அவன் அதைப் படிப்பான். இன்டர்வியூ எடுப்பவருக்கு அவனே யோசித்துப் பேசுவதுபோல் இருக்கும்.

அவனுக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பழைய அரைக்கால் சட்டை. தரையிலிருந்து அவளுக்குத் தெரிந்தது கீழ்ப்பாதிதான். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"கேட்ட உடனே தட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மிச்சம் என்று என்ன இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இருவருமே சாஃப்ட்வேர் டெஸ்டர்கள். ஒரு ஆப் மக்கள் கைக்குப் போகும் முன்னால் அதை அழுத்தி, இழுத்து, படாதபாடு படுத்தி, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. மகள் பிறந்தபோது அவள் வேலையை விட்டாள். திரும்பிப் போகப் பார்த்தபோது, கையால் அழுத்திப் பார்க்கிறவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த அழுத்தலையும் புரோகிராமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

சரியென்று படித்தாள். ஒரு காதில் பாடம், இன்னொரு காது மகளுக்கு. இந்த வயதில் பள்ளிக்கூடமா என்று அவன் கேலி செய்தான். அவனுடைய ஆபீஸில் அவன் இருந்த பிரிவையே இழுத்து மூடிய அன்றுதான் அந்தக் கேலி நின்றது.

போன மாதம் இதே கம்பெனியின் இதே டீம் லீடர் பெண்மணியிடம் அவளும் பேசியிருந்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஒரு தகவலும் வரவில்லை. தானே கூப்பிட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

பிறகு அதே இடத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. உன்னைத்தான் வேண்டாமென்றுவிட்டார்களே, எனக்காவது கிடைக்கட்டும் என்றான். வீட்டுக்கு ஒரு சம்பளமாவது வந்தாக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கேள்விகள் வந்தன. தட்டினாள். படித்தான். சில சொற்களைத் தப்பாகப் படித்தான். டீம் லீடர் பெரிதுபடுத்தவில்லை. நடுவில் இரண்டு முறை "நல்லது" என்றார். அந்த இரண்டும் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தின.

அவனாகவே எழுதிய டெஸ்ட் ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

எதையாவது இட்டுக்கட்டித் தட்டியிருக்கலாம். அவள் வேண்டுமென்றேதான் இதைத் தட்டினாள்: டிக்கெட் பதிவு செய்யும் ஆப் ஒன்றை மகள் கையில் கொடுத்தேன். பத்து விரலாலும் திரையைப் போட்டு அடித்தாள். ஒரே இருக்கை நாலு தடவை பதிவாகிவிட்டது. அவள் அடித்த மாதிரியே அடிப்பதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன்.

போன மாதம் அவள் சொன்ன அதே வார்த்தைகள். பெண் வாயிலிருந்து வந்தபோது ருசிக்காதது ஆண் வாயிலிருந்து வந்தால் இனிக்கிறதா, பார்த்துவிடலாம்.

அவன் படித்தான். "என் மகள்" என்று குழைந்து குழைந்து படித்தான். அந்தப் பிள்ளையைச் சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் தூக்கி வைத்திருக்காத மனுஷன். எழுதிய புரோகிராம் ஓடவில்லையே என்று அவள் அழுதபோது, கதவைச் சாத்திக்கொண்டு அழச் சொன்ன மனுஷன்.

அவளுக்குக் கீபோர்டைத் தூக்கி அந்த முழங்காலிலேயே ஒரு போடு போடலாமா என்றிருந்தது.

மேலே டீம் லீடர் சிரித்தார். இதே கதையைப் போன மாதம் ஒரு பெண் சொன்னாரே, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

முழங்கால் சட்டென்று நின்றது.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் தெரியுமா தெரியாதா என்பதற்கும் அவளே பதில் தட்ட வேண்டும்.

தட்டினாள்.

"என் மனைவி" என்று படித்தான். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது உறைத்தது.

"அட, அப்ப நீங்கதானா அன்னிக்கு அவங்க போனை எடுத்தது?" டீம் லீடரின் குரலில் கள்ளம் இல்லை. "வேலை உங்களுக்குத்தான்னு சொல்லக் கூப்பிட்டா, வேற எடத்துல சேந்துட்டாங்கன்னு சொல்லிட்டீங்களே. அவங்க வராததாலதான் இந்த எடமே காலியா கெடக்கு. அந்த வேலை புடிச்சிருக்கா அவங்களுக்கு?"

திரையில் எந்த எழுத்தும் வரவில்லை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கலைந்த தலையை ஒதுக்கக்கூட இல்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் எங்கயும் சேரலைங்க. நீங்க கூப்பிட்டதே இப்பதான் தெரியும்."

கணவன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறிய வேகத்தில் அவன் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

டீம் லீடர் அவளைப் பார்த்தார், அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அவர வெளிய இருக்கச் சொல்லுங்க. நாம பேசலாம்."

அவன் எழுந்து அறையைவிட்டுப் போகும்வரை, இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.