பெண்கள் தட்டில் கறுத்த மீன்

வாசல் வெயிலில் மருமகள் கினாயின் மரத்தட்டில் ஆவி பறக்கிறது. சேம்பங்கிழங்குக்குப் பக்கத்தில் முழுசாக ஒரு கறுத்த மீன். பெண்களின் பானையிலேயே வேகவைத்திருக்கிறாள். மாமனார் சியாமன் மனோயோ குனிந்து மீனை உற்றுப் பார்க்கிறார். அது ராஹெட், ஆண்கள் மட்டும் தின்கிற மீன். பிள்ளைத்தாய்ச்சி தொடவே கூடாது. நகரத்தில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் தெரியாது. "புஸ்தகத்துல ஓயோட்னு போட்டிருக்கே மாமா, பொம்பளைங்களும் தின்னலாம்னு. சொன்னவர்னு கீழ உங்க பேருதான்," என்று ஈரவிரலால் பக்கத்தைத் தட்டுகிறாள். போன வருஷம் இந்தத் தீவின் சொற்களை எழுதிக்கொண்டு போக ஒருத்தி வந்தாள். காகிதத்தோடு வந்தவன் எவன் நமக்கு நல்லது செய்தான் என்று, இவர் வேண்டுமென்றே ராஹெட்டை ஓயோட் என்று மாற்றிச் சொன்னார். அதை அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டார்கள். பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "மாசமா இருக்கறவ சோத்தப் பிடுங்கித் தின்ற மாமனார எங்கயாவது கண்டதுண்டா!" அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவர் தலை குனிந்து, முள்ளைக்கூடத் துப்பாமல் மெல்லுகிறார். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்தும் மீன் வேகும் வாசம் வருகிறது. அங்கேயும் ஒரு புத்தகம் இருக்கிறது.