பதினெட்டாவது டேக்

தறிகெட்டு ஓடும் ரயிலை உலகத்திலேயே அதிக முறை நிறுத்திய மனிதர் நம் ஹீரோதான். காலையிலிருந்து பதினேழு தடவை! முட்டி இரண்டும் கழன்று, அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

ஏற்பாடு சுலபம். சரிவில் நிற்கும் எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்தால், அது தானே உருளும். ஹீரோ சிவப்பு அட்டைக் கைப்பிடியை இழுப்பார். அவர் காலடியில் ஒளிந்திருக்கும் டிரைவர் நிஜ பிரேக்கைப் போடுவார்.

"மூஞ்சியில பயமே இல்ல சார்! இன்னொண்ணு!" என்றார் டைரக்டர்.

"இதையாவது ஓகே பண்ணுய்யா. என்னால முடியல."

கட்டையை எடுத்தார்கள். ஹீரோ கைப்பிடியை இழுத்தார். வண்டி நிற்கவில்லை. மறுபடி இழுத்தார், அட்டை கையோடு வந்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறியபடி கீழே விழுந்து, கையால், காலால், பல்லால்கூட எதையோ பிடித்துத் திருகினார். சரிவின் அடியில் இருந்த சுவருக்கு ஒரு சாண் முன்னால் எஞ்சின் நின்றது.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஓவர் ஆக்டிங் சார்! இப்படி யாராவது பயப்படுவாங்களா? இன்னொரு டேக்!"

அப்போது மேட்டிலிருந்து டீ கிளாஸோடு டிரைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், டீ குடிக்க இறங்கினேன், அதுக்குள்ள வண்டிய விட்டுட்டாங்க. ஆமா, யாரு நிறுத்தினது?"