சிப்பிக்கும் மசியாத மீன்

"வால் பக்கம் நீட்டறியே தம்பி, வாய் அந்தப் பக்கம் இருக்கு."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே பெரியவர் சொன்னார். மீன் தொட்டிக்குள் கையை விட்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க பாக்கறது கண்ணு இல்ல சார், கண்ணு மாதிரி ஒரு புள்ளி. பெரிய மீன் ஏதாவது வந்தா ஏமாறட்டும்னு வால் பக்கம் வச்சிருக்கு. வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கென்னவோ நீதான் ஏமாந்த மாதிரி தெரியுது."

தொட்டியருகே நின்றவர் அலங்கார மீன் கடையில் தொட்டிகளைப் பராமரிப்பவர். அந்த வீட்டில் 'மீன் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீளமான இடுக்கியில் கவ்விய சிப்பிச் சதைத் துண்டை, மஞ்சள் பட்டை போட்ட அந்த மீனின் மூக்கருகே ஆட்டினார். அது வந்தது, ஏற இறங்கப் பார்த்தது, உதட்டைப் பிதுக்காத குறையாகத் திரும்பிப் போய்விட்டது.

பன்னிரண்டு நாளாக இதே கதை. உயிருள்ள இறால் குஞ்சு கொடுத்தாயிற்று, பூண்டுச் சாற்றில் ஊறவைத்த புழு கொடுத்தாயிற்று. தண்ணீரின் சூடு சரி, உப்பு சரி. தினமும் மதியம் ஒரு மணிக்கு அவர் வருவதும், அது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. "கடல் மீன் நமக்கு ஒத்துவராதுப்பா, ரெண்டு வாரத்துல கண்ணை மூடிடும்" என்று கடை முதலாளி தலையில் அடித்துக்கொண்டபோது, நான் பிழைக்க வைக்கிறேன் என்று வீம்பாக வரவழைத்தவர் இவர்தான். வீம்பு கிடக்கட்டும், கடலில் சும்மா திரிந்த ஒரு உயிர் தன் கண் முன்னால் பட்டினியில் போவதை அவரால் தாங்க முடியாது.

"நின்னுக்கிட்டே இருந்தா அது பயப்படுது அண்ணா. இங்க உட்கார்ந்து பாருங்க" என்று பெரியவரின் மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தால் தட்டு வைப்பாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். முதல் நாள் கூச்சப்பட்டார். இப்போது அதெல்லாம் விட்டுப்போய்விட்டது.

எதிரே பெரியவர். பஸ் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகட்டும் என்று மகன் வாங்கி வைத்ததுதான் இந்தத் தொட்டி.

"கோளாறு மீன்ல இல்ல, பம்புல. சத்தத்தைக் கேளு, பேரிங் தேய்ஞ்சிருக்கு. அந்த அதிர்வுல எவன் சாப்பிடுவான்?"

"அந்தப் பம்புல பேரிங்கே கிடையாது சார். காந்தத்துல சுத்துது."

"பேரிங் இல்லாம ஒண்ணு சுத்துமா? முப்பத்தஞ்சு வருஷம் நான் என்ன மாவா ஆட்டினேன்?"

"பஸ் எஞ்சின் வேற, இது வேற. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லலாம் சார், தப்பில்ல."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே பம்புகளின் பூர்வோத்தரம் முழுவதையும் எடுத்துவிட்டார். மீன் டாக்டரும் லேசில் விடவில்லை. அவர் ஒன்று சொல்ல இவர் ஒன்பது சொல்ல, மருமகள் இரண்டு தட்டிலும் மாறி மாறிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

வாய் சண்டை போட்டாலும் மீன் டாக்டரின் கண் தொட்டி மேலேயே இருந்தது. அவருக்கு மண்டை குடைந்தது. பட்டினி கிடக்கும் மீனுக்கு முதலில் தலைக்குப் பின்னால் சதை வற்றும், பிறகு வயிறு ஒட்டும். இது கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி கொழுகொழுவென்று இருக்கிறதே.

"நான் இல்லாத நேரத்துல யாராவது ஏதாவது போடறீங்களா?"

"நான் அது பக்கமே போறதில்ல" என்றார் பெரியவர்.

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க" என்றாள் மருமகள், தண்ணீர்ச் செம்பைப் பார்த்தபடி.

அப்படியென்றால் பாறை இடுக்கில் எதையோ கொத்திக் காலம் தள்ளுகிறது. அதுவும் தீர்ந்துவிட்டால்? மீன் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவோடு வந்தார்.

"இதைக் கடைக்கே கொண்டு போயிடறேன் மேடம். அங்க நல்லா சாப்பிடற மீன் ரெண்டு இருக்கு. பக்கத்துல ஒண்ணு ரசிச்சுத் தின்னா இதுவும் தின்னும். ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். நானும் தினம் வந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம்."

"தோத்துட்டேன்னு ஒத்துக்கோ" என்றார் பெரியவர். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

மூடி போட்ட வாளி ஸ்கூட்டரில் இருந்தது. அவர் வெளியே வந்து அதன் கயிற்றை அவிழ்ப்பதற்குள் மருமகள் பின்னாலேயே ஓடி வந்து, வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"வாளியை வச்சிடுங்க அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அது மூணாம் நாளே சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் தினமும் வயிறு முட்ட சிப்பி போட்டுடறேன்."

கோபம் வருவதற்கு முன்னால் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிழைத்துவிட்டது. அதன் பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அப்புறம் எதுக்கு மேடம் என்னை இப்படி அலைய விட்டீங்க?"

"பணிமனையில தினமும் யாரோடயாவது மல்லுக்கட்டிக்கிட்டே சாப்பிட்டவர். ரிட்டயர் ஆனதுலேருந்து ஒரு வாய் உள்ள போகல, நாலு மாசத்துல எட்டு கிலோ இறங்கிட்டார்" என்றாள். "மாமனாரை எதிர்த்துப் பேச எனக்கும் வாய் வராது, பெத்த பிள்ளைக்கும் வராது. நீங்க எதிர்ல உட்கார்ந்து 'அப்படி இல்ல சார்'னு சொன்னாத்தான் அண்ணா, மாமா சாப்பிடறார்."