கம்பிவேலியும் இரண்டு கரடிகளும்

ஐரோப்பாவில் ஒரு மலைமேல் இரண்டு நாடுகளின் காப்புக்காடுகள் ஒட்டிக் கிடந்தன. நடுவில் உயரமான கம்பிவேலி. இந்தப் பக்கம் ஒரே ஒரு ஆண் கரடி, அந்தப் பக்கம் ஒரே ஒரு பெண் கரடி. இரண்டுக்கும் இடையே பேச்சைச் சுமந்தது ஒரு காக்கை.

"கொஞ்ச நாள் பொறு அண்ணே. ரெண்டு நாட்டு வன ஆபீசும் ஒத்துழைக்கப்போறாங்க. கையெழுத்தே ஆயிடுச்சு," என்றது காக்கை.

ஒத்துழைத்தார்கள், ஜோராகவே. தனியாக வாடுகிறதே என்று இந்த ஆபீஸ் தன் கரடிக்கு மயக்க ஊசி போட்டு, வண்டியில் ஏற்றி, அந்தக் காட்டில் இறக்கிவிட்டது. கண் விழித்த கரடி அவளைத் தேடி அலைந்தது. அவள் குகையில் வாசனை மட்டும் இருந்தது.

காக்கை மூச்சிரைக்க வந்தது. "அண்ணே, அவங்களும் இதையேதான் நினைச்சிருக்காங்க. அவளைக் காலையில உன் காட்டுல விட்டுட்டாங்க."

"திருப்பிக் கொண்டுவர மாட்டாங்களா?"

"திட்டம் வெற்றின்னு கைகுலுக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த கூட்டம் அடுத்த வருஷம்தான்."

கரடி வேலியோரம் போய்த் தன் பழைய காட்டைப் பார்த்து உட்கார்ந்தது.

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றது காக்கை.

"என் குகை மழையில இடப்பக்கம் ஒழுகும். வலப்பக்கமாப் படுக்கச் சொல்லு."