ஆள் பார்க்கும் டிராக்டர்

தன் வேலைக்கே உலை வைக்கப்போகிற இன்ஜினைத் தோட்டக்காரர் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கச் சொன்னவர் குடியிருப்பின் தலைவர்.

கொட்டகையில் ஒரு பழைய புல்வெட்டும் டிராக்டர் கிடந்தது. ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டி. இன்ஜின் இறுகிப்போய், வயரையெல்லாம் எலி தின்று, சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

தோட்டக்காரரை இந்த மாசத்தோடு நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது தலைவர்தான் எழுந்தார். அவசரப்பட வேண்டாம், அந்த டிராக்டருக்கு வேறு இன்ஜின் போட்டு நானே ஓடவைக்கிறேன், அப்புறம் ஆளுக்கு ஒரு வாரம் நாமே வெட்டிக்கொள்ளலாம், தோட்டக்காரரே தேவையில்லை என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, செய்துவிடுவார் என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

தலைவரின் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவர் பொழப்பைப் பறிக்கிறதுக்கு அவர்கிட்டயே வேலை வாங்குறீங்களே. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"அந்த ஸ்பேனரை இப்படிக் குடு" என்றார் தலைவர்.

எலி தின்று மிஞ்சிய வயர்கள் புது இன்ஜினுக்கு ஒத்துவரவில்லை. தலைவர் மொத்தத்தையும் உருவி எறிந்துவிட்டு, சாவியிலிருந்து விளக்கு வரைக்கும் புதிதாக வயர் இழுத்தார். தோட்டக்காரர் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தார்.

"இது ஓடிட்டா எனக்கு வேலை இருக்காதாமே சார்?"

"டார்ச்சை நேராப் பிடிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்பே புல்வெளியில் கூடிவிட்டது. தலைவர் விளக்கினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். காலை எடுத்தால் வண்டி நகரும். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிரேக்கை விட்டபின் ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து தவறி விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

முதலில் கண் டாக்டர் ஏறினார். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமியது. ஆரவாரம். காலை எடுத்தார். பொட்டென்று நின்றது.

மறுபடி உறுமல். மறுபடி பொட்டு.

உங்களுக்குக் கண்ணாடி மாட்டத்தான் வரும் என்று அவரை இறக்கிவிட்டு வங்கிக் காசாளர் ஏறினார். அவருக்கும் அதே கதி. டியூஷன் டீச்சர் ஏறி, வண்டியை அதட்டியும் பார்த்தார். மசியவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் கொஞ்சம் கனமானவர். அவர் காலை எடுத்ததும் வண்டி திக்கித் திணறியது. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் குலுங்கிச் சிரித்தால் வண்டி ஓடியது. சிரிப்பை அடக்கினால் நின்றது. இப்படிச் சிரித்துச் சிரித்தே வேப்பமரம் வரைக்கும் போய்விட்டார். அதற்குமேல் சிரிக்க முடியவில்லை, விலா வலிக்கிறது என்று இறங்கிவிட்டார்.

டீச்சர் விடவில்லை. கணவரையும் இழுத்துக்கொண்டு ஒரே சீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்தார். வண்டி அருமையாகக் கிளம்பியது. ஆனால் ஸ்டியரிங்கை அவர் இடப்பக்கம் திருப்ப, கணவர் வலப்பக்கம் திருப்ப, ரோஜாப் பாத்தி நடுவில் போய் நின்றது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ஒண்ணா ஒரு இடத்துக்குப் போயிருக்கோம்" என்றார் கணவர், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

சிரித்து ஓய்ந்தபோது காசாளருக்குச் சந்தேகம் முளைத்தது. டார்ச் பிடிக்கிற சாக்கில் தோட்டக்காரர் ஏதோ செய்திருக்கிறார் என்றார். தோட்டக்காரருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சாவி எந்தப் பக்கம் திரும்பும்னுகூடத் தெரியாது."

"பேச்சு வேண்டாம். ஏறி உட்காருங்க" என்றார் தலைவர் கடுப்பாக.

தோட்டக்காரர் தன் பெரிய உடம்பைத் தூக்கி, பயந்து பயந்து சீட்டில் வைத்தார். பிரேக். சாவி. காலை எடுத்தார். டிராக்டர் பெட்டிப் பாம்பாக அடங்கி, புல்வெளியை நேர்கோடாக வெட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து தலைவர் முன்னால் நின்றது.

சீட்டுக்கு அடியில் இருக்கிற அந்த சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமே என்றார் டாக்டர். தலைவர் சீறினார். லிப்டில் இப்படி ஒரு சுவிட்சை முறுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகவும், ஒருவராவது அதைத் தொட்டால் அன்றைக்கே பதவியை விட்டு விலகுவதாகவும் சொன்னார். அவர் விலகினால் அந்தப் பதவி நம் தலையில் விழுமே என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வேறு வழி? வண்டி பாழாகாமல் இருக்கவாவது தோட்டக்காரர் இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. தோட்டக்காரர் டிராக்டரைக் கும்பிட்டார். தலைவர், பார்த்துக்கொண்டு நிற்காமல் மிச்சப் புல்லை வெட்டச் சொல்லி அவரை அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள். "அந்த மெஷினுக்கு இருக்கிற மனசுகூட உங்களுக்கு இல்லை. அது தெரிஞ்சுக்கிட்டுதே, யார் உட்காரணும்னு."

தலைவர் நிதானமாகப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"சீட்டுக்கு அடியில நான் மாட்டினது லாரி சீட்டு ஸ்பிரிங். தொண்ணூறு கிலோ உட்கார்ந்தாத்தான் சுவிட்ச் அமுங்கும். வேலை போயிடுமோன்னு கவலையிலேயே அந்த மனுஷன் இளைச்சுக்கிட்டு வர்றார். நாளையிலேர்ந்து அவருக்கும் சேர்த்து சமை."