ஒன்றாம் எண்

எலிகளுக்குப் பெயர் கிடையாது. தலையில் மஞ்சள் சாயம் பூசினால் அது ஒன்றாம் எண், முதுகில் பூசினால் இரண்டு, வாலில் பூசினால் மூன்று. மருந்தியல் படிப்பில் கற்ற இந்தக் கணக்கோடுதான் பூங்கோதை பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அன்று துப்பட்டாவின் நுனி சாயக் கிண்ணத்தில் தோய்ந்ததை அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், காய்ச்சலில் வியர்த்துக் கிடந்த மகளின் தலையை அதே துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

“தலையில மஞ்சள் பூசுனியா? நல்லதுதான்” என்றான் கணவன்.

ஈரத்துணியில் சோப்பைத் தொட்டு மூன்று முறை தேய்த்தாள். “பத்து நாளானாலும் போகாதுங்க” என்று அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

காலையில் கூண்டைத் திறந்தாள். முதலில் அறுக்க வேண்டிய ஒன்றாம் எண், அவள் கைக்குள் சூடாக இருந்தது.