இரண்டாவது டேப்

எமிலின் அலுவலகத்தில் அன்று எது முதலில் நடந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆர்வில் கம்பியை ஓங்கியதா, எமில் தன் மடிக்கணினியைத் தரையில் அறைந்து உடைத்ததா? உடைத்தது எமில்தான், அதில் மட்டும் சந்தேகமில்லை.

"தடயத்தை அழிக்கிறியா?" ஆர்வில் உடைந்த கணினியின் மேல் ஏறி நின்றார். கையில், ஆலையில் மரக்கட்டை புரட்டும் கொக்கிக் கம்பி. "யாரைடா காப்பாத்தற?"

எமில் சுவரோடு ஒட்டி நின்றான். கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் ஊரில், மரம் அறுக்கும் ஆலைகளில் ஓடும் இயந்திரங்களின் மென்பொருளுக்கு இணையத்தில் கையேடு எழுதுகிறவன் அவன். ஒல்லியான ஆள், பேச்சும் குறைவு.

முதல் அடி மேசையைப் பிளந்தது. காபிக் கோப்பை தெறித்துச் சுவரில் சிதறியது. பின்கதவு அடித்துச் சாத்தப்பட, வெளியே முதலாளி டுவைனின் பிக்கப் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"பாத்தியா உன் முதலாளியோட வீரத்தை? அவனுக்காகவா அடி வாங்கப் போற?"

"அவரில்ல" என்றான் எமில்.

ஆர்வில் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை உருவி அவன் முகத்தில் எறிந்தார். உறையின் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

இயந்திரத்தில் கட்டை சிக்கினால் எப்படி நிறுத்தி எடுப்பது என்ற பக்கம் அது. முன்பு பழைய இயந்திரத்துக்கும் புதியதற்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. ஏப்ரலில் எமில் அதை இரண்டு டேப்பாகப் பிரித்தான். திரையின் தலைப்பில் இரண்டு பட்டைகள். எதைத் தொடுகிறோமோ அது மட்டும் தெரியும், மற்றது மறைந்துகொள்ளும்.

அச்செடுத்தால் திறந்திருப்பது மட்டுமே தாளில் விழும், பட்டைகள் விழாது. அதை யாரும் யோசிக்கவில்லை.

இயந்திரத்தின் அருகே போன் கொண்டுபோக ஆலையில் அனுமதி இல்லை. அதனால் பக்கம் மாறும்போதெல்லாம் ஆர்வில்தான் அச்செடுத்து, உறை போட்டு, இரண்டு இயந்திரங்களிலும் கட்டித் தொங்கவிடுவார்.

"புது மெஷினை அணைச்சாலும் ரெண்டாவது ரம்பம் நிக்கத் தொண்ணூறு செகண்ட் ஆகும். எங்கடா இருக்கு இதுல? மறைஞ்சு கிடக்கிற டேப்ல! எனக்கு எப்படித் தெரியும்? என் கையால அச்செடுத்தேன். என் கையால மாட்டினேன். அப்பா மாட்டினதுன்னா ட்ரெவர் ரெண்டாவது தடவை பாக்க மாட்டான். படிச்சான், மூடியைத் திறந்தான், கையை விட்டான்."

கம்பி எமிலின் வலது முன்கையில் இறங்கியது. பச்சைக் கிளை முறிகிற சத்தம்.

"இருபத்திமூணு வயசுடா! சாண்ட்விச் கடிக்கும்போதுகூட இன்னொரு கையில போனை வச்சுக்கிட்டு உங்க கையேட்டைத்தான் படிப்பான். இது சரியில்ல, அது சரியில்லன்னு உங்களுக்கு எழுதியும் போடுவான். யாருக்கும் காட்ட முடியாம, பெட்டியை மூடித்தான் என் பிள்ளையைப் பொதைச்சேன், தெரியுமா உனக்கு?"

"மாத்தினது நான். தப்பு என்னுது" என்றான் எமில், சுவரில் சரிந்தபடி.

"மாத்தினது நீதான். மாத்தச் சொன்னது யாரு? தாளோட கடைசி வரியைப் பாரு. 'வேண்டுகோளின் பேரில் மாற்றப்பட்டது.' கேட்டவன் பேரு உன் கணினியில இருந்துச்சு. அதானே உடைச்ச?"

ஆமாம் என்று எமில் தலையசைத்தான். உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் அடிங்க, ஆர்வில். பேரை மட்டும் கேக்காதீங்க."

கம்பி ஏறி இறங்கியது. தோள், விலா, முழங்கால். போலீஸ் வந்து பிடித்தபோது ஆர்வில் அழுதுகொண்டிருந்தார், எமில் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தான்.

ட்ரெவர் தன் அம்மாவின் பக்கத்தில் கல்லறையில் இருக்கிறான். டுவைன் கம்பெனியை விற்றுவிட்டு ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிறார். எமிலின் வலது கை இன்னும் மடங்குவதில்லை; இடது கையால் தட்டித் தட்டியே எல்லா டேப்களையும் எடுத்துவிட்டு, மறுபடியும் ஒரே நீளப் பக்கமாக ஆக்கினான். நீதிமன்றத்தில் கேட்டபோதும் அவன் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

ஆர்வில் மூன்று வருடம் சிறையில் இருந்தார். வீடு திரும்பிய அன்று, ஆலையில் மகனின் உடைமைகள் என்று தந்த காகிதப் பையை முதல் முறையாகப் பிரித்தார். உள்ளே ட்ரெவரின் போன். மின்னேற்றிவிட்டு, கடவு எண்ணாகத் தன் பிறந்த வருடத்தைத் தட்டிப் பார்த்தார். திறந்துகொண்டது.

எமிலுக்கு ட்ரெவர் அனுப்பிய செய்தி ஒன்று அதில் இருந்தது. ஏப்ரல் மாதத் தேதி.

"எங்கப்பா பழைய மெஷின் ஆளு, இவ்வளவு நீளப் பக்கத்துல தேடித் தேடித் திண்டாடுறாரு, ரெண்டு டேப்பா பிரிச்சுக் குடுங்களேன்."